லேசரும் ரேடியோவும் சேர்ந்த லிங்க்: ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே 800 மீட்டர். ஃபைபர் இழுக்க வழியில்லாததால், மாடிக்கு மாடி லேசரில் டேட்டா அனுப்பும் கருவியை வாங்கி மாட்டினோம். அதே பெட்டிக்குள் 60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் உண்டு. லேசர் 10 ஜிகாபிட், ரேடியோ 1 ஜிகாபிட். ஒன்றரை வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவன் நான்தான்.

இரண்டையும் ஜோடி சேர்ப்பதில் நல்ல நியாயம் இருக்கிறது. மூடுபனித் துளிகள் சில மைக்ரான் அளவுதான். 1550 நானோமீட்டர் அலைநீள லேசரை அவை சிதறடித்துவிடும். 5 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. மழைத்துளியோ மில்லிமீட்டர் கணக்கு, அது ரேடியோவைத்தான் அதிகம் வாட்டும். லேசர் தள்ளாடினாலும் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் என்னைப் படுத்தியது பனியும் இல்லை, மழையும் இல்லை. லேசரிலிருந்து ரேடியோவுக்கும் திரும்பவும் எப்போது மாறுவது என்று பெட்டி எடுக்கும் முடிவுதான்.

முதல் பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை லேப்டாப்போடு மாடியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. திரையில் லேசர் சிக்னலும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. அளவு ஒரு கோட்டுக்குக் கீழே போனால் ரேடியோ, மேலே வந்தால் உடனே லேசர். ஃபேக்டரி செட்டிங் அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் 200 தடவைக்கு மேல் மாறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சில பாக்கெட்டுகள் (டேட்டாத் துண்டுகள்) தொலைந்துபோய், பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் வெட்டி வெட்டி வந்தது. விற்றவர்களிடம் கேட்டேன், லென்ஸைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன், ஒன்றும் மாறவில்லை.

பிறகு மெனுவின் அடியில் தேடி, இரண்டு கோடுகளாகப் பிரித்து வைத்தேன். கீழ்க்கோட்டைத் தொட்டால் ரேடியோவுக்குப் போ. திரும்பி வர 6 டெசிபல் கூடுதலாக ஏறி, ஒரு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த பனி நாளில் மொத்தமே இரண்டு மாற்றம். இதை முதலிலேயே செய்து அனுப்பியிருக்க வேண்டாமா என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. விளம்பரத் தாளில் 99.999 சதவீத நேரம் லிங்க் ஓடும் என்று போட்டிருந்தார்கள், அதாவது வருடத்துக்கு சுமார் 5 நிமிடம்தான் நிற்கலாம். எங்களுக்கு அது முதல் மூன்று மாதத்திலேயே தீர்ந்துபோனது.

அப்புறம் பெட்டியை மாட்டியிருந்த கம்பம். லேசர் கற்றையின் விரிவு 2 மில்லிரேடியன், 800 மீட்டரில் 1.6 மீட்டர் அகல வட்டம். இரும்புக் கம்பம் வெயிலில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே வட்டம் 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். மதியம் மட்டும் சிக்னல் ஏன் சரிகிறது என்று இரண்டு வாரம் குழம்பினேன். கான்கிரீட் தூணுக்கு மாற்றியதும் சரியானது.

பிந்தைய ஃபர்ம்வேரில் (பெட்டியின் உள்மென்பொருளில்) வந்த ஒரு வசதியை மனதாரப் பாராட்டுகிறேன். குரல் மாதிரி சிறிய, அவசர பாக்கெட்டுகளை இரண்டு பாதையிலும் அனுப்பி, முதலில் வந்ததை எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்கு இப்போது மாற்றம் என்பதே இல்லை. மற்ற டேட்டாவுக்கு ரேடியோ இன்னும் சும்மா காத்திருக்கிறது, அதுதான் குறை. இரண்டிலும் பங்கிட்டு, வந்துசேர்ந்த துண்டுகளை வைத்தே முழுதையும் மீட்கும் குறியீட்டு முறைகள் இருக்கின்றன. இந்தப் பெட்டியில் அது இல்லை.

10 ஜிகாபிட்டிலிருந்து 1-க்கு இறங்கும்போது எது முன்னால் போக வேண்டும் என்று உங்கள் நெட்வொர்க் ஸ்விட்சில் முன்கூட்டியே வரிசை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபைல்களை நகலெடுக்கும் பேக்கப் வேலை ஒன்றே பாதை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் தைரியமாக வாங்கலாம். வாங்கும் முன், லேசருக்குத் திரும்பும் அளவையும் காத்திருக்கும் நேரத்தையும் நாமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கருவி பாருங்கள்.