புல்லட்டுக்கு ‘கம்ப்ரஷன் ஓவர்’ (இன்ஜினுக்குள் அழுத்தம் அதிகம்) என்று யாராவது சொன்னால், பழைய பிஸ்டனைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அப்பாவின் 350 சிசி புல்லட், பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். போன மார்கழியில் கிக்கர் திருப்பி அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் கெண்டைக்காலில் பட்டு நாலு நாள் நொண்டினேன்.

ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தமிழ்க்காரர் என்பதால் நம்பிக்கை. இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் ஓவர் சார். போர் பண்ணிப் புது பிஸ்டன் போடணும்" என்றார். அதாவது, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. 14,500 ரூபாய். பில் கேட்கவில்லை, அது என் தப்பு. வண்டி கைக்கு வந்த ஐந்தாம் நாள் மறுபடியும் அதே அடி. கேட்டால், "புது பிஸ்டன் டைட்டா இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க."

அப்புறம் மர்ஃபி டவுனில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. தீப்பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் பாயிண்டின் மூடியைத் திறந்து, தட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸைக் காட்டினார். இன்ஜின் வேகம் கூடும்போது அதன் எடைகள் விரிந்து, பொறியை முன்கூட்டியே வரவைக்கும். ஸ்பிரிங் ஒன்று அறுந்து, எடைகள் விரிந்தபடியே சிக்கி நின்றன. இந்த இன்ஜினில், மிதிக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கையில் பொறி வர வேண்டும். எடைகள் விரிந்தே நின்றால் பொறி அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும், கிக்கர் காலில் அடிக்கும். "தம்பி, தேய்ஞ்ச இன்ஜின்ல கம்ப்ரஷன் தானா ஏறாது. கரி படிஞ்சிருக்கணும், இல்லேன்னா யாராவது சிலிண்டர் மேல இருக்கிற ஹெட்டைச் சீவியிருக்கணும்" என்றார்.

மனசு கேட்காமல் ஹெட்டையும் கழற்றச் சொன்னேன். பிஸ்டன் தலையில் கெட்டியாகக் கரி. சுரண்டினால் 020 என்ற முத்திரை, அதாவது அசல் அளவைவிட 0.020 இன்ச் பெரிய பிஸ்டன். 1998-ல் அப்பா போர் செய்து போட்ட அதே பிஸ்டன். அந்த பில் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. மறுபடி போர் செய்திருந்தால் அடுத்த சைஸ் பிஸ்டன்தானே உள்ளே போயிருக்கும்?

கரியை எடுத்து, ஸ்பிரிங் மாற்றி, மிதிக்கச் சுலபமாக சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரின் தொய்ந்து கிடந்த கேபிளையும் இழுத்துக் கட்டினார். இப்போது ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனை உச்சியைக் கொஞ்சம் தாண்டவைத்து, டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு மிதித்தால் ஒரே கிக்.

முதல் கடைக்காரரிடம் போய் முத்திரையின் போட்டோவைக் காட்டினேன். "பில் இருக்கா?" என்றார். நேற்று அந்த வழியாக வந்தபோது அவர் கடை வாசலில் இரண்டு பழைய புல்லட் நின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.