நாகர்கோவிலுக்குள் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்: பென்சிலா, இணையதளமா, கிரெப்பா?

கிறிஸ்துமஸ் கூடுகைக்கு எங்கள் சபை வாலிபர் கூட்டம் ஒரு போட்டி வைத்தது. நாகர்கோவில் என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும் எழுத்துகள் அத்தனையும் உள்ள ஆங்கிலச் சொல் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு எழுத்துகள் சேரலாம். யார் சொல் நீளமோ அவருக்குப் பரிசு. என், ஏ, ஜி, ஈ, ஆர், சி, ஓ, ஐ, எல் என ஒன்பது எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. அக்கா மகள் செல்போனோடு உட்கார்ந்தாள், அப்பா பென்சிலோடு, நான் லேப்டாப்போடு.

முதலில் அகராதியைத்தான் எடுத்தோம். அகராதி முதலெழுத்து தெரிந்தவர்களுக்கானது. சொல்லுக்கு நடுவில் ஜி எங்கே இருக்கிறது என்று தேட அது உதவாது. கிடைத்த சொல் உண்மையில் இருக்கிறதா என்று கடைசியில் சரிபார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

அக்கா மகள் போனது எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கான இணையதளம் ஒன்றுக்கு. எழுத்துகளைப் போட்டதும் ரீகோலிங் என்று வந்தது. கப்பலிலோ ரயில் இன்ஜினிலோ மறுபடி நிலக்கரி ஏற்றுவதற்கு அந்தப் பெயர். ஒன்பது எழுத்தும் கூடாமல் குறையாமல் பொருந்தியதில் வீடே அசந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: போட்டியில் கொடுக்கக்கூடிய சொற்களிலேயே குட்டையானது அதுதான்!

குழப்பம் இங்கேதான். கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் கட்டுவது ஒரு கேள்வி. அந்த எழுத்துகள் எல்லாம் உள்ளே இருந்தால் போதும், மற்றவையும் கலக்கலாம் என்பது வேறு கேள்வி. இந்த மாதிரித் தளங்கள் கேட்காமலே முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. இரண்டாவதற்குத் தனிப் பெட்டி இருந்தால் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ரீலொகேட்டிங் வந்தது. நாகர்கோவிலோடு ஒரே ஒரு டி சேர்த்தால் ஊரைவிட்டுப் பெயர்வது என்ற சொல். பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கும் தெருவில் அதற்கு யாரும் அகராதியைப் புரட்டவில்லை.

ஆனால் அந்தத் தளம் 15 எழுத்தோடு நின்றுவிட்டது. ஸ்கிராபிள் பலகை 15-க்கு 15 கட்டம், அதனால் விளையாட்டுக்கான சொற்பட்டியலும் அதற்கு மேல் போகாது. 16 எழுத்துள்ள கவுன்ட்டர்பேலன்சிங் நமக்குப் பொருந்தும், ஆனால் அங்கே அது கண்ணிலேயே படாது. நீளம்தான் போட்டி என்றால் இது பெரிய ஓட்டை.

ஏஐ அரட்டையிலும் கேட்டுப் பார்த்தாள். கொலாபரேட்டிங் என்று அடித்துச் சொன்னது. “மக்ளே, அதுல ஈ எங்க இருக்கு?” என்றார் அப்பா. இல்லைதான். இந்த மாதிரி மென்பொருள் சொல்லைத் துண்டு துண்டாகப் பார்க்கிறதே தவிர எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. எழுத்து எண்ணும் வேலையை அதனிடம் கொடுப்பதை விட்டுவிடலாம். ஆங்கிலத்தின் நீளமான சொல் என்று எல்லோரும் ஒப்பிக்கும் அந்த 45 எழுத்து நுரையீரல் நோய் இருக்கிறதே, அதையும் எழுதிப் பார்த்தாள். எட்டு எழுத்து இருக்கிறது, ஜி மட்டும் இல்லை. அழாத குறை.

என் வழி கிரெப், ஒரு கோப்பில் நாம் கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் கட்டளை. லினக்ஸில் வரிக்கு ஒரு சொல்லாக அடுக்கிய கோப்பு ஒன்று வேண்டும். என் என்ற எழுத்து இருக்கும் வரிகளை மட்டும் எடு, அதில் ஏ இருப்பதை எடு, அதில் ஜி இருப்பதை எடு என்று ஒன்பது சல்லடையில் சலித்துவிட்டு, மிஞ்சியதை நீளவாரியாக அடுக்கினால் முடிந்தது. எலெக்ட்ரோஎன்செபலோகிராபிக் என்ற 23 எழுத்துச் சொல்கூட அதில் தப்பாது. ஆஸ்பத்திரியில் ஈஈஜி என்கிறார்களே, அதன் முழுப் பெயரிலிருந்து வந்த பெயரடை. பின்னால் ஆலி ஒட்டினால் 27.

இரட்டை எழுத்து வந்தால் மட்டும் இந்தச் சல்லடை ஏமாற்றும். குளச்சலை ஆங்கிலத்தில் எழுதினால் சி இரண்டு, எல் இரண்டு. வெறுமனே சலித்தால் சாக்லேட்டும் தேறிவிடும், அதில் எல் ஒன்றுதான். சி, புள்ளி, நட்சத்திரக்குறி, மறுபடி சி என்று அடித்தால்தான் இரண்டு சி உள்ளதை மட்டும் பிடிக்கும். எல்லுக்கும் அப்படியே. அப்போது டெக்னாலஜிக்கல் நிற்கும், சாக்லேட் விழும். இன்னொன்று, உங்கள் பட்டியலில் இல்லாததை கிரெப் கண்டுபிடிக்காது. மேக்கில் வரும் கோப்பு 1934-ஆம் வருட வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் சொற்கள் உண்டு, ஆனால் பன்மையும் இங் சேர்ந்த வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது.

வேகத்தில் கிரெப்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நான் வேடிக்கை பார்த்தது அப்பாவின் தாளைத்தான். எழுத்துகளை அவர் வரிசையில் எழுதவில்லை, வட்டமாக எழுதினார். வரிசையில் இருந்தால் கண் திரும்பத் திரும்ப ஊர்ப் பெயரையே படிக்குமாம். பிறகு வால்களைக் கழற்றினார். இங் போனதும் ஒன்றும் பெரிதாகப் படியவில்லை. லாஜிக்கல் என்ற வாலுக்கு வேண்டிய எல், ஓ, ஜி, ஐ, சி, ஏ ஆறும் நாகர்கோவிலுக்குள்ளேயே கிடந்தன. அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என், ஈ, ஆர். இந்த மூன்றும் உள்ள தலை ஒன்று கிடைத்தால் போதும். நியூரலாஜிக்கல் 12. முதுமை பற்றிய ஜெரன்டலாஜிக்கல் 14. ஹார்மோன் டாக்டர்களின் எண்டோகிரைனலாஜிக்கல் 16. பத்து நிமிடம் ஆகவில்லை, கரண்டும் தேவைப்படவில்லை. கிரெப் பட்டியலைத்தான் கொடுக்கும், அந்தச் சொற்களுக்குள் இப்படி ஒரு வால் பொதுவாக இருப்பதை அது சொல்லாது.

சீட்டில் அவர் எழுதியது இந்த மூன்றில் எதுவும் இல்லை. 14 எழுத்துள்ள காங்கிரிகேஷனல், ஒரு கிறிஸ்தவ சபைப் பிரிவின் பெயர். 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம் பெரும்பாலும் அந்தச் சபைக்காரர்களுடையது. 1947-இல் எல்லாம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. ஆகிவிட்டாலும், எல்.எம்.எஸ். பள்ளியில் படித்த அப்பாவுக்கு அது ஊர்ப் பெயருக்குள்ளேயே இருந்தது விட மனமில்லை. “16 இருக்கே தாத்தா” என்றாள் அக்கா மகள். “இருக்கட்டும் மக்ளே.”

பரிசு வேறு வீட்டுக்குப் போனது. இப்போது தாளில் தக்கலையை வட்டமாக எழுதி வைத்திருக்கிறார். அதில் சியும் கேயும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உயிரை வாங்குகின்றன. லேப்டாப்பைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.