யார்டு சைனா, மெயிலரா, கதவு தட்டுவதா: ஒரு ஸ்கூல் போர்டு தேர்தலின் கணக்கு

நியூ ஜெர்சியில் எங்கள் டவுன்ஷிப்பின் ஸ்கூல் போர்டுக்கு, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை மேற்பார்க்கத் தேர்ந்தெடுக்கப்படும் குழுவுக்கு, தோழி ஒருவர் நின்றார். தமிழ்ப் பெண், முதல் முறை வேட்பாளர். செலவை எப்படிப் பிரிப்பது என்று உட்கார்ந்து பேசிய சிலரில் நானும் ஒருவன். கையில் பணம் கொஞ்சம். சனிக்கிழமைகளில் வருகிறேன் என்று சொன்ன ஆட்கள் அதைவிடக் கொஞ்சம். எதிரே மூன்று வழிகள் இருந்தன. வீட்டு முன் புல்வெளியில் நடும் அட்டையான யார்டு சைன், தபாலில் போகும் விளம்பரத் தாளான மெயிலர், வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவது.

பெரும்பகுதிப் பணத்தை யார்டு சைனில் போட்டோம். இன்னொரு முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் ஸ்கூல் போர்டு மாதிரியான தேர்தலுக்கு மட்டும்.

மெயிலரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அச்சுக் கூலி, அதற்கு மேல் தபால் செலவு. தேர்தல் நேரத்தில் பீட்சா கூப்பனோடும் கிரெடிட் கார்டு விளம்பரத்தோடும் சேர்ந்து வந்து, தபால் பெட்டியிலிருந்து ரீசைக்கிள் தொட்டிக்கு நேராகப் போகிறது. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் 1998-இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரத்தில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு மெயிலருக்கும் வாக்குப்பதிவு ஏறியது சுமார் அரை சதவீதப் புள்ளிதான். சொல்ல நிறைய விஷயம் இருக்கிறது, அதற்கு இடம் வேண்டும் என்றால் மெயிலர் சரி. எங்களுக்கு அப்படி இல்லை.

கதவு தட்டுவதுதான் மூன்றிலும் வலுவானது என்று எல்லோரும் சொல்வார்கள். அதே நியூ ஹேவன் சோதனையில், நேரில் பேச முடிந்தவர்களிடையே வாக்குப்பதிவு எட்டு ஒன்பது புள்ளிகள் ஏறியது. பெரிய எண்தான். ஆனால் 'பேச முடிந்தவர்கள்' என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான வீடுகளில் ஆள் அகப்படுவதில்லை. இப்போது வாசலில் கேமரா வேறு. உள்ளே இருந்துகொண்டே, "வேண்டாம், நன்றி" என்று வாசல் மணிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். நம்மவர்கள் வீடென்றால் தலைகீழ். "உள்ள வாங்க, எந்த ஊரு?" என்று ஆரம்பித்துக் காபி வந்துவிடும். பேச்சு திருநெல்வேலி போய்த் திரும்புவதற்குள் அந்தத் தெருவில் பாதியை இழந்திருப்போம். கடைசியில்தான் தெரியும், அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் குடியுரிமை வரவில்லை, ஓட்டே கிடையாது என்று. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் இந்தக் கடைசித் தொல்லை தீரும். மற்றவை தீராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எட்டு ஒன்பது புள்ளி, ஓட்டுப் போட வந்தவர்களின் எண்ணிக்கை. யாருக்குப் போட்டார்கள் என்பது வேறு கேள்வி. ஜோஷுவா கால்லாவும் டேவிட் ப்ரூக்மனும் 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுத் தேர்தல்களில் வாக்காளரின் மனத்தை மாற்றுவதில் கதவு தட்டல், தொலைபேசி, மெயிலர் எல்லாவற்றின் சராசரி விளைவும் ஏறக்குறைய பூஜ்யம் என்று சொல்கிறது. கட்சிப் பெயர் ஓட்டுச் சீட்டில் இருக்கும்போது மக்கள் ஏற்கெனவே முடிவெடுத்து விடுகிறார்கள்.

சரி, யார்டு சைன். அதே டொனால்ட் கிரீனும் சகாக்களும் நியூயார்க், வர்ஜீனியா, பென்சில்வேனியா மாநிலங்களில் நான்கு சோதனைகள் செய்தார்கள். சில வாக்குச்சாவடிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே மட்டும் அட்டைகளை நட்டு, மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வாக்கு விகிதத்தில் சராசரியாக 1.7 புள்ளி வித்தியாசம். "இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆனால் இது ஓட்டு யாருக்கு விழுந்தது என்பதன் கணக்கு. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கப் போகிறவரை இது காப்பாற்றாது. மூன்று இடங்களுக்கு ஆறேழு பேர் நின்று, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நூலிழை வித்தியாசம் வரும் ஸ்கூல் போர்டில், ஒன்றே முக்கால் புள்ளி கொட்டிக் கிடக்கிற காசு.

எங்களை யார்டு சைன் பக்கம் தள்ளியது இந்த எண்கூட இல்லை. வேட்பாளரின் பெயர்.

நியூ ஜெர்சி ஸ்கூல் போர்டு ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. மேலே ஆளுநர், செனட்டர் என்று தெரிந்த பெயர்களுக்குக் கட்சி பார்த்துப் போட்டுக்கொண்டே வருகிறவர், கடைசியில் ஸ்கூல் போர்டு பட்டியலில் வந்து நிற்கிறார். யாரையும் தெரியாது. எங்கேயோ பார்த்த பெயராக ஒன்றாவது இருக்கிறதா என்று கண் தேடும். அங்கே ஸ்மித், மர்ஃபி நடுவில் பதினைந்து பதினாறு எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர். அதுவும் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக ஏறி உட்கார்ந்திருப்பது மாமனார் பெயர். அதை முதல் முறையாக ஓட்டுச் சீட்டிலேயே பார்க்கிறவர் தாண்டிப் போய்விடுவார். அதில் வெறுப்பு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வாய்க்குள் நுழையவில்லை, அவ்வளவுதான். அதே பெயரைப் பிள்ளையை ஸ்கூலில் விடப் போகும்போதும் வரும்போதும் ஒரு மாதம் பார்த்திருந்தால் கதை வேறு.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. டென்னிசியின் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் சிண்டி கேம், எலிசபெத் செக்மைஸ்டர் இருவரும் ஒரு பள்ளிக்குப் போகும் வழியில், இல்லாத ஒரு வேட்பாளரின் பெயரில் அட்டைகளை நட்டார்கள். பென் கிரிஃபின் என்று பெயர். அப்புறம் அந்தப் பள்ளிப் பெற்றோரிடம் நகர மன்றத்துக்கு யாரை ஆதரிப்பீர்கள் என்று கேட்டபோது, அந்த வழியாக வண்டி ஓட்டியவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அவரை முதல் மூன்று பேருக்குள் வைத்தார்கள். ஆளே கிடையாது! ஆனால் ஆய்வகத்தில் அவர்கள் செய்த சோதனைகளில், ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்ற தகவல் தெரிந்ததும் இந்தப் பெயர் மயக்கம் கலைந்துவிட்டது. அதனால் அதிபர் தேர்தலில் உங்கள் புல்வெளி அட்டையைப் பார்த்து யாரும் மாறப் போவதில்லை. அங்கே அது அக்கம்பக்கத்துக்கு 'நான் இந்தப் பக்கம்' என்று அறிவிப்பது, அவ்வளவே. நம் ஊரில் தேர்தலுக்கு முன்பே சுவரைப் பிடித்து வைக்கிற கட்சிக்காரருக்கு இந்த வேறுபாடு தேவைப்பட்டதில்லை. அங்கே சின்னம் இருக்கிறது.

ஆகவே அட்டையில் என்ன அச்சடிப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். வழக்கமான அளவு 18க்கு 24 அங்குலம். கார் கடக்கும் ஓரிரு நொடியில் அதில் படிக்கக் கூடியது ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. கணவர் "எஜுகேஷன் ஃபர்ஸ்ட்" என்று ஒரு வாசகம் வேண்டும் என்றார். வேட்பாளர் ஒரு புத்தகப் படம் கேட்டார். இரண்டையும் எடுத்தெறிந்து, அவருடைய முதல் பெயரை அட்டையின் முக்கால் பங்குக்குப் போட்டோம். கடைசிப் பெயர் கீழே, ஆனால் ஓட்டுச் சீட்டில் வரப்போகும் அதே எழுத்துக்கூட்டலில். இல்லினாய்ஸின் ராஜா கிருஷ்ணமூர்த்தி 'ராஜா'வையும், சியாட்டலின் பிரமிளா ஜெயபால் 'பிரமிளா'வையும் முன்னால் நிறுத்தித்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஓட்டுக் கேட்டார்கள். சும்மா இல்லை.

எங்கே நடுவது என்பதில் நான் வீட்டுப் புல்வெளிக் கட்சி. நெடுஞ்சாலை ஓரம், சாலை நடுத்திட்டு எல்லாம் பொது இடம். ஊழியர்கள் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அங்கே கூட்டமாக நிற்கும் அட்டைகள் ஒன்றையொன்று மறைக்கவும் செய்யும். வீட்டில் நிற்கும் அட்டைக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். எதிர் வீட்டுக்காரர் அவரிடமே, "யார் இவங்க?" என்று கேட்பார். கதவு தட்டாமலே கதவு தட்டிய மாதிரி. வீட்டு முன் அட்டை வைக்கும் உரிமையும் சட்டப்படி உறுதியானது. மிசௌரியின் லடூ நகரம் வீட்டு அட்டைகளுக்குத் தடை போட்டபோது, 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடை செல்லாது என்றது. குடியிருப்புக்கு விதி போடும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்று நம்மவர்கள் உடனே பயப்படுவார்கள். பார்சிப்பனியில் நகர மன்றத்துக்கு நின்ற ஒருவர் தன் வீட்டு ஜன்னலிலும் கதவிலும் அட்டை வைத்ததைச் சங்கம் தடுத்த வழக்கில், 2012-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அளவு, இடம் பற்றி நியாயமான விதிகளைச் சங்கம் வைக்கலாம். அடியோடு தடுக்க முடியாது.

தபால் ஓட்டுச் சீட்டுகள் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வெளியே போகத் தொடங்கிவிடுகின்றன என்பதை மறக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் அட்டை நட்டால் பாதிப் பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போல.

தோழி ஜெயித்தார். அட்டையால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கதவும் தட்டினோம், கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் பேச்சு பரவியது, எதிரணியில் இரண்டு பேர் ஒருவர் ஓட்டை ஒருவர் பிரித்தார்கள். ஒரு தேர்தலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தமிழர் அதிகம் இல்லாத ஊரில் நீளமான பெயர் எப்படி எடுபடும் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. ஆள்பலம் இருந்து பணம் இல்லாதவர்கள் தயங்காமல் கதவு தட்டப் போகலாம்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. காற்றுக்கு விழும், புல் வெட்டுகிறவர் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டுப் போவார், சில அட்டைகள் இரவோடு இரவாகக் காணாமல் போகும். வாரம் ஒருமுறை ஒருவர் காரில் சுற்றிப் பார்க்க வேண்டும், பத்தில் ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். தேர்தல் முடிந்த வாரமே எடுத்துவிடுங்கள். அட்டையில் ஆண்டையும் தேதியையும் அச்சடித்துவிடாதீர்கள். ஸ்கூல் போர்டு பதவிக்காலம் மூன்று வருஷம். கம்பியைத் தனியாகக் கழற்றி, அட்டையை ஈரம் போகத் துடைத்து கராஜில் அடுக்கி வைத்தால் அடுத்த முறைக்கு அச்சுச் செலவு மிச்சம்.