பட்டர்வொர்த்தில் ராஃப்ட் சர்வீஸ்: கண்முன்னே பிரித்துக் காட்டும் பட்டறை

மாக் மண்டின் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் ஒரு பட்டறைக்குத்தான் இப்போது எங்கள் டக் போட்டுகளின் (பெரிய கப்பல்களை இழுக்கும் சிறு கப்பல்கள்) ராஃப்ட், அதாவது உயிர்காக்கும் மிதவை எல்லாம் போகின்றன. மலிவான இடமில்லை, அவசரத்துக்கு ஆகிற இடமும் இல்லை. ஆனால் ராஃப்ட்டை நாம் பார்க்கப் பார்க்கப் பிரித்து, காற்றடித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பி, தேதியைப் படித்துக் காட்டுகிறார்கள். அதற்காகவே யார் கேட்டாலும் இந்த இடத்தைச் சொல்வேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை. பினாங்கோ கிள்ளானோ ஜொகூரோ, எங்கே கொண்டுபோனாலும் இப்படிப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். லங்காவி ஃபெரியில் போனவர்கள் மேல்தளத்தின் ஓரத்தில் வெள்ளைப் பீப்பாய் மாதிரி ஒன்று தாங்கியில் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்தான் ரப்பர் மிதவையை மடித்து, கரியமில வாயு சிலிண்டரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் சிலிண்டர் திறந்து, நம் ஊர் வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் கூரையோடு விரிந்து நிற்க வேண்டும். சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதிப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை, அங்கீகாரம் உள்ள நிலையத்தில் இதைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கொண்டுவர வழியில்லாத நேரத்தில் 17 மாதம் வரை நீட்டித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், பீப்பாய் எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே என்ன செய்தார்கள், செய்தார்களா இல்லையா என்று கப்பலில் இருப்பவர் யாருக்கும் தெரியாது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரையும் கையில் உள்ள சர்டிபிகேட்டையும் நம்பித்தான் கடலுக்குப் போகிறார்கள்.

முன்பு வேறொரு இடத்தில் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலையில் லோரி வந்து எடுத்துப் போகும், மறுநாளே சர்டிபிகேட்டோடு திரும்பிவிடும், விலையும் குறைவு, பாஸுக்கும் சந்தோஷம். இங்கே முதல்முறை கொண்டுவந்தபோது அங்கே ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. தலைமை டெக்னீஷியன் பாகான் டாலாம்காரர், அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பட்டையை அறுத்து மேல்மூடியைத் தூக்கும் முன் பழைய சர்டிபிகேட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, நீங்க இதை வாசிங்க, நான் உள்ளே இருக்கிறதை வாசிக்கிறேன்" என்றார்.

ராஃப்ட்டுக்குள் வைக்கும் அவசரச் சாமான் தொகுப்பைப் பேக் என்பார்கள். எங்களுடையது கரையோரம் ஓடும் போட்டுகளுக்கான பி பேக். அதில் சாப்பாடும் குடிதண்ணீரும் வராது. பாராசூட் ராக்கெட் 2, கையில் பிடிக்கும் ஃப்ளேர் (எரிந்து வெளிச்சம் காட்டும் குச்சி) 3, புகை டப்பா 1, அப்புறம் டார்ச், விசில், கண்ணாடி, மருந்துப்பெட்டி, ஒட்டுப்போடும் சாமான், கடல் நங்கூரம் என்று ஒரு பட்டியல் உண்டு. சர்டிபிகேட்டில் ஃப்ளேர் மூன்றும் 'புதிதாக மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது. அவர் கையில் எடுத்ததில் இரண்டு எப்போதோ காலாவதியானவை. டார்ச்சைத் திருகித் திறந்தால் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. மாற்றுப் பேட்டரியும் அதே கதி. நான் வாசித்த வரிக்கும் அவர் கையில் இருந்த பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. ராஃப்ட் ஒருவேளை விரிந்திருக்கும், அதில் ஆட்கள் ஏறியும் இருப்பார்கள், ஆனால் இரவில் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட அவர்களிடம் கையில் பிடிக்கும் ஃப்ளேர் ஒன்றே ஒன்றுதான் நம்பகமாக எரிந்திருக்கும். கையில் பிடிப்பது எரிவதே ஒரு நிமிடம்தான். அந்தப் போட்டில் ஓடுகிறவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கொரியாவின் செவோல் கப்பலை நினைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரலில் கவிழ்ந்தது, 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். கப்பலில் வரிசையாக இருந்த ராஃப்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விரியவே இல்லை. அத்தனை உயிர் போனதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, ஆனால் ராஃப்ட்டுகளைச் சரியாகச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதிக்கொடுத்த நிறுவனத்து ஆட்கள் மேலும் வழக்கு வந்தது. ஆகவே சர்டிபிகேட் மறுநாளே வருகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், எப்படி முடித்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். சர்வீஸ் நடக்கும் கூடம் தனி. நேர் வெயில் படாது, ஈரப்பதத்தைப் பார்த்துக்கொள்ள மீட்டர் சுவரில் இருக்கிறது, தரை வழவழவென்று ஒரு தூசி இல்லாமல் இருக்கிறது. உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், சட்டைப் பையில் பேனா, இடுப்பில் சாவிக்கொத்து இருந்தால் அதையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். நியாயம்தான், விரித்துப்போட்ட ரப்பர்மேல் சாவி விழுந்தால் என்னாகும். பட்டறைக் காற்றை அடித்து ராஃப்ட்டை நிறுத்திவிட்டு மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் தனித்தனியாக மீட்டர் மாட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். 5 சதவீதத்துக்கு மேல் அழுத்தம் இறங்கக்கூடாது. அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, சிலிண்டரை எடையில் வைத்து அதன்மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தால் எடைதான் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் ராஃப்ட் ஒன்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. அந்த வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடமும் கூடுதல் அழுத்தச் சோதனை வேண்டும். உபரிக் காற்றை வெளியே விடும் வால்வுகளை அடைத்துவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வரை ஏற்றுகிறார்கள். அப்போது கூடத்தில் யாரும் பேசக்கூடாது என்று அண்ணன் சைகை காட்டினார். ஒட்டு விடுகிறதென்றால் முதலில் சத்தம்தான் வருமாம், நெரிகிற சத்தம், அதோடு அழுத்தமும் இறங்கினால் அந்த ராஃப்ட்டின் கதை முடிந்தது. கம்ப்ரஸரையும் நிறுத்திவிட்டு, அவரும் இரண்டு பையன்களும் குழாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து நின்றார்கள். எங்களுடையது தாங்கியது. ஆனால் தரையோடு சேரும் ஒட்டில் ஒரு விரல் நீளத்துக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சோப்புத் தண்ணீர் தடவி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். குமிழி வரவில்லை. இருந்தாலும் "அடுத்த வருஷம் இதை முதல்ல பார்க்கணும்" என்று இடத்தைக் குறித்து எழுதிவைத்தார்.

5 வருடத்துக்கு ஒருமுறை பட்டறைக் காற்றை விட்டுவிட்டு, ராஃப்ட்டின் சொந்த சிலிண்டராலேயே விரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே தேதி சொல்லி, போட் ஆட்களையும் வரச் சொன்னார்கள். எங்கள் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். ஒரு வெடிப்பு, அப்புறம் உறுமல், சிலிண்டர் குழாயெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடிக்கிறது, ராஃப்ட் முறுக்கிக்கொண்டு எழுகிறது. விரிந்து முடிந்தபின் வால்வு வழியாக உஸ்ஸென்று காற்று வெளியேறுவதைக் கேட்டு ஒரு பையன் ஓட்டை என்று பயந்துவிட்டான். அது உபரிக் காற்று, தானாக நின்றுவிடும், அதைப் போய் அடைத்துவைக்காதே என்று அண்ணன் விளக்கினார். நடுக்கடலில் இருட்டில் அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்பதற்கும் இங்கே நின்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது, ராஃப்ட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு விட்டுவிடாமல் போட்டுக்கே வந்து அவர்களே தாங்கியில் கட்டிவிடுகிறார்கள். ராஃப்ட்டைக் கப்பலோடு பிடித்து வைத்திருப்பது கையளவு கருவி ஒன்று, ஹைட்ரோஸ்டாடிக் ரிலீஸ். இங்கே அதிகம் புழங்குவது ஹம்மர் எச்20. கப்பல் மூழ்கி 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் போனதும் தண்ணீரின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் கத்தி வெள்ளைக் கயிற்றை அறுக்கும், பீப்பாய் மேலே மிதந்து வரும், மூழ்கும் கப்பல் பெயிண்டர் கயிற்றை (ராஃப்ட்டைக் கப்பலோடு இணைக்கும் கயிறு) இழுக்க இழுக்க ராஃப்ட் விரியும், கடைசியில் வேண்டுமென்றே பலம் குறைவாகச் செய்த சிவப்பு நிற இணைப்பு, வீக் லிங்க், அறுந்து ராஃப்ட் கப்பலைவிட்டுப் பிரியும். பெயிண்டர் அந்தச் சிவப்பு இணைப்பில்தான் இருக்க வேண்டும். பிறை ஊர்ப் பக்கம் எங்களுக்கு அடுத்துக் கட்டியிருந்த ஒரு போட்டில் பெயிண்டரை இரும்புத் தாங்கியிலேயே நேராக முடிச்சுப் போட்டு, மேலே பெயின்டும் அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கப்பல் போனால் ராஃப்ட்டும் விரிந்த கையோடு அதன் பின்னாலேயே கீழே போகும். அண்ணன் எங்கள் வேலைக்கு வந்தவர், அதைப் பார்த்துவிட்டு அந்த போட் ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, காசு வாங்காமல் சரியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். எச்20-க்கு சர்வீஸ் கிடையாது, 2 வருடம் ஆனால் தூக்கிப்போட்டுப் புதிது மாட்ட வேண்டும். மாட்டும் அன்றே மாதத்தையும் வருடத்தையும் அதன்மேல் குறிக்க வேண்டும், நம் ஆட்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.

ஈபிர்ப், அதாவது அபாயத்தில் செயற்கைக்கோள் வழியாகச் சிக்னல் அனுப்பும் கருவி, அந்த வேலையும் நன்றாகச் செய்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து பழசாக வாங்கிய போட் ஒன்றின் ஈபிர்ப்பை மாட்டிப் படித்தபோது திரையில் போட்டின் அடையாள எண் 563 என்று தொடங்கியது. அது சிங்கப்பூருடையது, நம் மலேசியாவுக்கு 533. போட்டின் கொடி மாறியாயிற்று, பெயர் மாறியாயிற்று, ஈபிர்ப் மட்டும் பழைய முதலாளி பெயரிலேயே இருந்திருக்கிறது. அபாயத்தில் அது கத்தினால் தேடுகிறவர்கள் முதலில் சிங்கப்பூரில் யார் யாருக்கோ போன் அடித்து விசாரித்துக்கொண்டிருப்பார்கள். புது எண்ணைப் போட்டு, பதிவு மாற்றும் பாரத்தையும் கையோடு நிரப்பிக் கொடுத்தார்கள். செல்ஃப் டெஸ்ட் பச்சை விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுகிற இடங்களில் இது தெரியவே வந்திருக்காது.

காலாவதியான ஃப்ளேர்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பழைய பாராசூட் ராக்கெட்டை வாணவேடிக்கைக்கு விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 300 மீட்டர் மேலே போய் 40 வினாடி சிவப்பாக எரியும், கடலிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது உதவிக் குரல். கூரைமேல் எரிந்தபடி விழுந்தால் வீடு போகும். தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குறைகளும் இருக்கின்றன. தீயணைப்பு சிலிண்டர்களை இவர்கள் வெளியே கொடுத்துத்தான் செய்கிறார்கள், அது எப்போதும் தாமதம். ஒருமுறை எந்த சிலிண்டர் எந்த போட்டுடையது என்பதே குழம்பி, கடைசியில் சீரியல் எண்ணைப் பார்த்து நாங்களே பிரித்தெடுத்தோம். தீயணைப்பு வேலைக்கு வேறு இடம் பாருங்கள் என்பதே என் கருத்து. நம் ராஃப்ட் சர்வீஸில் இருக்கும்போது போட்டில் வைக்கும் வாடகை ராஃப்ட் கையில் குறைவாகத்தான் வைத்திருக்கிறார்கள். சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் கேட்டால் கிடைக்காது, அது இல்லாமல் போட்டை வெளியே விடவும் முடியாது, ஆக உங்கள் தேதி அந்தச் சமயத்தில் விழுந்தால் ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போனை யாரும் எடுப்பதில்லை, வாட்ஸ்அப் போட்டால் சாயங்காலம் பதில் வரும். பில்லில் கூலி ஒன்று, மாற்றிய சாமான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை என்று நீளமாக வரும். மொத்தத் தொகையைப் பார்த்ததும் எங்கள் பாஸ் முகம் சுளித்தார், ஆனால் கழற்றிய பழைய சாமானை எல்லாம் பையில் போட்டு பில்லோடு கொடுத்துவிடுவதால் எதற்குக் காசு என்ற கேள்வி வரவில்லை.

போகிறவர்கள் பழைய சர்டிபிகேட்டை எடுத்துப் போங்கள். ராஃப்ட்டின் பிராண்டை முதலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் ராஃப்ட் செய்த கம்பெனி பயிற்சி கொடுத்த ஆள்தான் அதைத் தொட வேண்டும். எல்லாப் பிராண்டுக்கும் இவர்களிடம் ஆள் இல்லை, இல்லாததை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். தாங்கி தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். போட் காலியாக மிதக்கும்போது உள்ள அந்த உயரத்தோடு 10 மீட்டர் கூட்டி, குறைந்தது 15 மீட்டருக்காவது பெயிண்டர் நீளம் இருக்க வேண்டும், அதை அங்கேயே சரிபார்த்துக் கொடுப்பார்கள். லோரி உள்ளே திரும்ப இடமில்லை, பின்வாசல் வழியாகப் போனால் ஃபோர்க்லிஃப்ட் வந்து இறக்கிக்கொள்ளும்.