எங்கட புகையா, வந்த புகையா: வேர்ல்ட்வியூவும் ஹிமவாரியும்

வீட்டில் அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). கோடையில் பற்றைக்காடு எரியும்போதும், மாரியில் வானம் மங்கிக் கிடக்கும்போதும், யன்னலை எத்தனை நாளைக்குப் பூட்டி வைப்பது என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் செய்மதிப் படம் பார்க்கத் தொடங்கினேன். நாசாவின் செய்மதிப்பட இணையத்தளமான வேர்ல்ட்வியூ, ஜப்பானின் ஹிமவாரி-9 செய்மதியின் படங்கள் இரண்டையும் பாவித்துப் பார்த்து, இப்போது வேர்ல்ட்வியூவோடு நிற்கிறேன்.

இரண்டும் இலவசம், இரண்டும் போனில் திறக்கும், முகில் மூடினால் இரண்டும் கையை விரிக்கும்.

ஹிமவாரியின் பலம் வேகம். 10 நிமிடத்துக்கு ஒரு படம்; வரிசையாக ஓடவிட்டால் புகைமண்டலம் எந்தப் பக்கம் நகருது என்று கண்ணால் காணலாம். ஆனால் அது நிற்பது கிழக்கு 140.7 பாகையில். நாங்கள் இலங்கையின் வன்னியில், 80 பாகையில், அதன் பார்வையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். சரிவாகப் பார்ப்பதால் படம் இழுபட்டுப் போகும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பற்றைக்காடு எரிந்தால் அதில் தேடிப் பிடிக்க ஏலாது. டேட்டாவும் கரையும்.

எனக்கு முடிவைத் தந்தது, புகை எங்கிருந்து கிளம்பியது என்ற ஒரே விடயம்தான். எங்கட ஆக்கள் பின்நேரம் வைத்த நெருப்பென்றால் பெரும்பாலும் அடுத்தநாள் காற்று எழும்பக் கலைந்துவிடும். கடல் தாண்டி வந்ததென்றால் நாட்கணக்கில் கிடக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது, இந்தியப் பக்கத்து மாசுக்காற்று இங்கே இழுபட்டு வந்து, 9ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். காலபோக நெல் பச்சையாய் நிற்கிற மாதம் அது. வைக்கல் எரித்த புகை என்று யாரும் சொல்ல ஏலாது.

இதைப் பிரித்தறிய வேர்ல்ட்வியூவில் தீப்புள்ளி அடுக்கைப் போட வேணும். சுவோமி என்பிபி, நோவா-20 செய்மதிகளின் வியர்ஸ் கருவி 375 மீற்றர் அளவில் நெருப்பைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். புகைக்குக் காற்று வீசி வரும் பக்கம் புள்ளி இருந்தால் நெருப்பு உள்ளூரில்தான். புள்ளியே இல்லாமல், விரிகுடாவில் இருந்து சாம்பல் திரை தொடர்ச்சியாக வந்தால் அது வந்த புகை. மோடிஸ் என்ற பழைய கருவியின் படத்தை விட வியர்ஸைத் தெரிவு செய்யுங்கள். எங்கட அகலாங்கில் மோடிஸின் பாதைகளுக்கு நடுவே வெறும் இடைவெளி விழும், சில நாட்களில் வன்னி அதற்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று: மன்னார்க் கடலில் வெள்ளி பூசினமாதிரி ஒரு பட்டை தெரிந்தால் பதற வேண்டாம். அது வெயில் தெறிப்பு. அடுத்தநாள் பட்டை இடம் மாறியிருக்கும், புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இராது.

குறையும் உண்டு. இந்தச் செய்மதிகள் பகல் ஒன்றரை, இரவு ஒன்றரையை ஒட்டித்தான் கடக்கும். நாலு மணிக்கு வைத்து ஏழுக்கு அணைந்த நெருப்பு இரண்டிலும் விழாது. மேலும், படத்தில் தெரிவது தரையில் இருந்து வானம் வரை உள்ள முழுப் புகையும். மூக்குக்குள் போவது எவ்வளவு என்பதற்குத் தரையில் உள்ள அளவீட்டுக் கருவிதான் வேணும்.

தூசி விடயத்தில் என் அனுபவம் குறைவு. டிப்பர் கிளப்புகிற கிரவல் தூசி எந்தச் செய்மதிக்கும் எட்டாது. காய்ந்த நிலத்துக்கு மேலே வரும் மண்ணிறத் தூசியைச் சாதாரண நிறப்படத்தில் பிரிப்பதும் கஷ்டம். அதற்கு வேர்ல்ட்வியூவை விட, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், ஐரோப்பியச் செய்மதியான மீட்டியோசாட்டின் அகச்சிவப்புத் தூசிப்படம் நல்லது. தூசியை இளஞ்சிவப்பாகக் காட்டும், இரவிலும் வேலை செய்யும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அரபிக்கடல் பக்கம் அந்த நிறத்தைக் கண்டிருக்கிறேன். அது வன்னிவரை வந்து அம்மாவின் முட்டு வருத்தத்தைக் கூட்டினதா என்று அடித்துச் சொல்லுமளவுக்கு நான் இன்னும் பார்க்கவில்லை.