ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலர்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் சர்க்கரையைக் குறைப்பதற்காக நடக்கத் தொடங்கிய நான், ஓராண்டுக்கு முன் பறவை பார்ப்பதற்காக ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய்க்கு 8×42 அளவுள்ள பைனாகுலர் ஒன்றை வாங்கினேன். அது என் கழுத்தில் தொங்குகிறது என்றாலும் ஒவ்வொரு காலையும் குறைந்தது ஐந்து பேரின் கைக்குப் போய்வருகிறது. ஆகவே ஐந்து பேருக்கும் பொதுவான கருவியாகக் கருதியே இதை மதிப்பிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்; நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த விலையில் கிடைக்கும் 8×42 கருவிகளுக்குப் பொதுவானவையே.

இதில் 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர், கண்ணில் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம். சட்டைப்பையில் அடங்கும் 8×25 கருவியில் இது 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வெயில் ஏறிய பிறகு கண்பாவை சுருங்கிவிடுவதால் இரண்டுக்கும் அதிக வேறுபாடு தெரியாது. ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில், மரப்பொந்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தையின் மஞ்சள் கண்களைக் காட்டுவது இந்தக் கூடுதல் வெளிச்சம்தான். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பழக்கமில்லாதவர்கள் பைனாகுலரைக் கண்ணருகே சற்றுக் கோணலாக வைத்துவிட்டு, 'ஒன்றும் தெரியவில்லையே, கறுப்பாக இருக்கிறதே' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் அந்தக் கோணலை அது பொறுத்துக்கொள்கிறது.

கடைக்காரர் 10×42 வாங்கும்படிதான் வற்புறுத்தினார். பத்து மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும், காட்சிப் பரப்பும் பொதுவாகக் குறுகும். செம்மார்புக் குக்குறுவான் உச்சிக்கிளையிலிருந்து செம்பு தட்டுவதுபோல் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கையில், எழுபது வயதைக் கடந்த ஒருவர் அந்தக் கிளையைத் தேடிப் பிடிப்பதற்கு எட்டு மடங்கே போதும், போதுமென்ன, அதுவே நல்லது.

கண்ணாடி அணிபவர்களுக்கு இக்கருவி உண்மையிலேயே உதவுகிறது. கண்பக்க ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிவிட்டால், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான நண்பர் தம் கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டத்தையும் பார்க்கிறார். வாசலில் பூ விற்கும் அக்காவுக்குக் கண்களின் இடைவெளி குறைவு. நடு மூட்டை நன்றாக மடக்கினால்தான் அவருக்கு இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும், அதற்கும் இது மடங்கிக்கொடுக்கிறது.

எனக்குள்ள பெரிய குறை வலக்கண் வளையத்தைப் பற்றியது. இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்வதற்கான இந்த வளையம் பூட்டிக்கொள்வதில்லை, கைமாறும்போதெல்லாம் நழுவுகிறது. அதையே காட்சியைத் தெளிவாக்கத் திருப்பும் குவிய உருளை என்று நினைத்துத் திருப்புபவர்களும் உண்டு. பைனாகுலர் திரும்பி வரும்போது ஒரு கண்ணுக்கு மைனாவும் மறு கண்ணுக்கு மங்கலான ஏதோவொன்றுமாகத் தெரியும். கடைசியில், எனக்குப் பொருந்தும் இடத்தில் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு இந்த வைத்தியம் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

அந்த எரிச்சலை நான் மறந்திருந்தது சென்ற அக்டோபரில் ஒரு நாள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் ஆறுமணிக்குருவி ஒன்று, புதரடியில் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் இடையே நாலைந்து மீட்டர்தான் இருக்கும். இரண்டரை மீட்டர் அருகில் இருப்பதைக்கூடத் தெளிவாகக் காட்டக்கூடிய கருவி என்பதால் பச்சை முதுகும் வாலடியின் சிவப்பும் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் வரிசையில் நின்று மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கண்டு, இரண்டு ஆண்டுகளாக ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் எங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்த இளைஞர் நின்றார். பார்த்துவிட்டு, "சார், இது இங்கேயே இருக்கிற பறவையா?" என்று கேட்டார். இப்போது ஓடுவதற்கு முன் எங்கள் பெஞ்சுக்கு வந்து அன்றைய செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் செல்கிறார்.

சில்லறைக் குறைகளும் உண்டு. வெளுத்த வானத்தின் எதிரே குயில் அமர்ந்தால் அதன் விளிம்பில் ஊதா நிறம் ஒட்டிக்கொள்கிறது. உடன் வந்த வார் அரை மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் இதை வைத்திருக்கிறேன்.

2015இல் தமிழ்நாட்டில் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகக் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணியபோதுதான், ஐந்து பேருக்கு ஒன்று போதாது என்பது தெரிந்தது. கிளிகளை இருவர் இருவிதமாக எண்ணி, முடிவுக்கு வர இயலவில்லை. வங்கி நண்பர் எடை குறைந்த 8×32 ஒன்றை வாங்கப்போகிறார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: மாலை ஐந்தரைக்கு மேல் கண்ணாடியுடன் கடைக்குப் போய், வாசலில் நின்று நிழலில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றைப் படித்துப் பாருங்கள்; பிறகு கருவியைக் கடைப்பையனிடம் கொடுத்து வாங்கி, வலக்கண் வளையம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.