சமையலறை அலமாரி: சட்டம் முதலில், கதவு பிறகு

சமையலறைக்கு அலமாரி செய்யத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் கடையில் அடுக்கியிருக்கும் மாதிரிக் கதவுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பளபளப்பா மங்கலா, மரச்சாயலா வெள்ளையா என்று அரை நாள் பேசி முடித்துவிட்டு, அந்தக் கதவை எதன்மீது மாட்டுவது என்ற கேள்வியை ஆசாரியிடம் விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. கீல் எது, டிராயரின் அகலம் எவ்வளவு, கதவுகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது, பெட்டியின் முன்னால் மரச்சட்டம் உண்டா இல்லையா என்பதுதான். கதவின் முகம் அதற்குப் பின்னால் வருவது.

சட்டம் வைத்த அலமாரியில், பெட்டியின் முன்முகத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலமுள்ள மரச்சட்டங்கள் நான்கு புறமும் அடிக்கப்பட்டு, கதவு அந்தச் சட்டத்தில் தொங்கும். அமெரிக்க வீடுகளில் இன்றும் இது பரவலான முறை. சட்டமில்லாத அலமாரியில் முன்சட்டமே கிடையாது, 18 மி.மீ. பலகையால் செய்த பெட்டியின் பக்கவாட்டுப் பலகையிலேயே கீல் உட்காரும். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த முறையைத்தான் நம் ஊரில் 'மாடுலர் கிச்சன்' என்ற பெயரில் விற்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கு தெளிவாகக் காட்டும். 600 மி.மீ. அகலமுள்ள பெட்டியில் சட்டம் இல்லாவிட்டால் உள்வாய் 564 மி.மீ. கிடைக்கும், இருபுறமும் 38 மி.மீ. சட்டம் வைத்தால் அது 524 ஆகக் குறையும். நான்கு சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு டிராயரில் அது ஒரு வரிசை டம்ளர்களுக்கான இடம். அதைவிடப் பெரிய வேறுபாடு, 900 மி.மீ. அகலத்தில் இரட்டைக் கதவு வைக்கும்போது தெரியும். சட்டமுள்ள அலமாரியில் நடுவே ஒரு செங்குத்துக் கட்டை நிற்பது வழக்கம். சட்டமில்லாத பெட்டியில் இரு கதவுகளையும் திறந்தால் வாய் முழுவதும் காலியாக இருக்கும். இட்லிப் பானையையும் பொங்கல் நாளில் மட்டும் வெளிவரும் பெரிய வெண்கலப் பானையையும் சாய்க்காமல் நேராக எடுக்க முடிவது இதனால்தான்.

ஆயினும் சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் மேடைக்குக் கீழே பெட்டியே இருப்பதில்லை. செங்கல் சுவரும் கடப்பா கல் தட்டுகளும்தான் இருக்கும். கல்லின் விளிம்பில் கீலைத் திருகிப் பொருத்த வழியில்லை என்பதால், முன்னால் மரத்திலோ அலுமினியத்திலோ சட்டம் அடித்துத்தான் கதவு மாட்டியாக வேண்டும். கடப்பா கல் தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. அதை இடித்தெறிந்துவிட்டு பிளைவுட் பெட்டி வைக்கச் சொல்லும் யோசனையை நான் எளிதில் ஏற்கமாட்டேன். நல்ல சட்டமும் புதுக் கதவுகளும் போதும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாத பழைய வீடுகளிலும் சட்டமே கைகொடுக்கும், ஏனெனில் அதன் ஓரத்தைச் சுவரின் கோணலுக்கு ஏற்ப இழைத்துவிடலாம்.

அடுத்தது, கதவு சட்டத்தின்மீது படிந்து மூடுகிறதா, அதற்குள்ளே அமிழ்ந்து சமமாக நிற்கிறதா என்பது. ஆட்டோ ஹிஞ்ச் எனப்படும் தானாக மூடும் கீலை வாங்கும்போது 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்று அதன் கையின் வளைவைக் கேட்பது இதற்காகத்தான்: முதலாவது பலகையின் விளிம்பை முழுதும் மூடும் கதவுக்கு, இரண்டாவது ஒரே நடுப்பலகையை இரு கதவுகள் பாதிப்பாதியாகப் பகிரும் இடத்துக்கு, மூன்றாவது உள்ளடங்கிய கதவுக்கு. உள்ளடங்கிய கதவு அழகானதுதான். ஆனால் சுற்றிலும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளிதான் விடப்படும் என்பதால் மரம் சற்று ஊதினாலும் உரசும். எங்கள் பழைய வீட்டின் தேக்குக் கதவு ஒன்று ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும், மாசியில் தானாகவே விடுபடும். ஆசாரி இழைத்துக் கொடுத்த ஆண்டில் கோடையில் இடைவெளி வழியாகக் கரப்பான் பூச்சி போய்வந்தது. மழையும் வெயிலும் இப்படி மாறி வரும் ஊரில், மேலே படிந்து மூடும் கதவே நிம்மதி தரும்.

கதவின் முகத்துக்கு இப்போது வரலாம். ஷேக்கர் என்று இன்று விற்கப்படும் பாணி, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு சமயக் குழுவின் எளிய மரச்சாமான்களிலிருந்து பெயர் பெற்றது: நான்கு சட்டங்கள், நடுவே ஒரு தட்டைப் பலகை. இந்த அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல் சட்டத்தில் வெட்டிய காடி என்னும் நீளப் பள்ளத்துக்குள் செருகி மட்டும் விடுவார்கள். ஈரத்தில் பலகை விரிந்தாலும் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும், கதவு கோணாது. நம் ஊர்ப் பழைய பேனல் கதவுகளின் சூட்சுமமும் இதுவே. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் இயந்திரத்தால் குடைந்து அதே தோற்றத்தைக் கொண்டுவரும்போது, காரணம் போய்விடுகிறது, பள்ளம் மட்டும் மிஞ்சுகிறது.

அந்தப் பள்ளத்தைத் துடைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த குடைந்த கதவில், தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசும் சேர்ந்து பிசினாக இறுகி, பழைய பல்துலக்கியும் தீக்குச்சியும் கொண்டு சுரண்ட வேண்டியதாயிற்று. அது மெம்பரேன் கதவு, அதாவது பி.வி.சி. தாளைச் சூட்டில் இழுத்து ஒட்டியது. அடுப்பின் வெப்பத்தில் மூன்றாம் ஆண்டிலேயே ஓரத்தில் தாள் உரிந்தது. உரிந்த தாளைத் திரும்ப ஒட்டினால் கோடு தெரியும். குடைந்த கதவுதான் வேண்டும் என்பவர்கள் பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் அடித்ததை வாங்கலாம். விலை அதிகம், பாத்திரம் இடித்தால் பெயரும், ஆனால் உரிவதற்கு அதில் தாள் இல்லை.

மைக்கா ஒட்டிய தட்டைக் கதவு கண்ணைக் கவராது. ஈரத் துணியால் ஒருமுறை இழுத்தால் சுத்தமாகிவிடும் என்பதே அதன் பெருமை. அதன் பலவீனம் விளிம்பில் இருக்கிறது. கையால் ஒட்டிய மெல்லிய பட்டை பெயர்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆகவே இயந்திரத்தால் ஒட்டிய 2 மி.மீ. எட்ஜ் பேண்டிங்கைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால் உயரமான கதவு வில்லாக வளையும். தொட்டிக்குக் கீழுள்ள பெட்டிக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட் வேண்டும். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது.

கைப்பிடியில்லாத கதவுகளைப் பற்றி ஒரு வரி போதும்: விரல் நுழையும் அந்தக் காடி, பள்ளம் வேறிடத்துக்கு மாறிவிட்டதற்கே அடையாளம்.

என் இப்போதைய சமையலறையில் சட்டமில்லாத பெட்டிகளும் வெளிர்நிறத் தட்டைக் கதவுகளுமே உள்ளன, ஓரிடத்தைத் தவிர. எரிவாயு சிலிண்டர் நேராகத் தரையில் நிற்க வேண்டியிருப்பதால் அந்தப் பெட்டிக்கு அடிப்பலகை கிடையாது. அடிப்பலகை இல்லாத பெட்டி முன்பக்கம் விரிந்து கதவு இறங்கிவிடும். அங்கே மட்டும் முன்னால் ஒரு சட்டம் அடிக்கச் செய்தேன். சிலிண்டரின் விட்டம் ஓரடியைச் சற்றே தாண்டும் என்பதால் சட்டத்தின் உள்வாயை அளந்து, நடுக்கட்டையைத் தவிர்த்தோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால் கதவில் காற்றுத்துளைகளை, அழகுக்காக மேலே வைக்கலாம் என்று ஆசாரி சொல்லியும், தரையை ஒட்டியே போடச் சொன்னேன்.